எஞ்சின்மீது பழி போடாதீர்கள்!

“எஞ்சின் டப்பா சார், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்!”

இந்தத் தீர்ப்பைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. கோயம்புத்தூருக்கு வெளியே, தண்ணீர் வற்றிப்போன ஒரு குளத்தின் ஓரத்துப் பொட்டலில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு சிறு கூட்டம் கூடுகிறது. பள்ளிக்கூடத்துப் பையன்கள், கல்லூரி மாணவர்கள், மில்லில் வேலை பார்ப்பவர்கள், ஒரு பல் வைத்தியர், என்னைப் போல வேறு வேலையற்ற கிழவர் ஒருவர் - இவ்வளவுதான் கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரேடியோக் கருவி. ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு நைட்ரோ டிரக். அது ஓடினால் ஆனந்தம். ஓடாவிட்டால், உடனே யாராவது ஒருவர் திருப்புளியோடு வந்துவிடுவார். குனிவார், திருகுவார், இன்னும் திருகுவார். பிறகு நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மேற்படி தீர்ப்பை வழங்குவார். குற்றவாளி எப்போதும் எஞ்சின்தான். திருகிய கை குற்றவாளியாக நின்றதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அந்தக் கையின்மீதுதான் இன்று வழக்குத் தொடுக்கிறேன். விசாரணை முடிவதற்குள் வாதியே கூண்டில் ஏற வேண்டிவரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

விஷயம் தெரியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். நைட்ரோ டிரக் என்பது பெரிய சக்கரங்கள் வைத்த, ஒன்றரை அடி நீளமுள்ள ஒரு குட்டி லாரி. அதன் வயிற்றில் இருப்பது பேட்டரியில் சுற்றும் மோட்டார் அல்ல; அசல் எஞ்சின். பிஸ்டன் உண்டு, கார்புரேட்டர் உண்டு, கிளட்ச் உண்டு, புகைக்குழாய் உண்டு. 1999-ல் அமெரிக்காவின் டிராக்ஸாஸ் கம்பெனி டி-மாக்ஸ் என்ற டிரக்கை வெளியிட்ட பிறகு இந்த ரகம் பல தேசங்களுக்கும் பரவியது. எஞ்சினின் கொள்ளளவு பெரும்பாலும் 2.5 கன சென்டிமீட்டரிலிருந்து 4.6 கன சென்டிமீட்டருக்குள் இருக்கும். ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடுகிற அளவு! அந்தத் தேக்கரண்டி நிமிஷத்துக்கு 30,000 சுற்றுச் சுற்றுகிறது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினானபடியால் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ஆகவே வினாடிக்கு 500 வெடிப்பு. இவ்வளவு வேலை செய்கிற ஒரு ஜீவனை - ஆம், ஜீவன் என்றே சொல்லுகிறேன் - ‘டப்பா’ என்று அழைப்பதற்கு நமக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

முதல் பொய் பெட்டியின் மேலேயே அச்சாகி வருகிறது. ‘ரெடி டு ரன்’ - ஓடுவதற்குத் தயார்! யார் தயார்? சக்கரம் மாட்டியிருக்கிறது, ரேடியோ பொருத்தியிருக்கிறது, சாயம் பூசியிருக்கிறது, எல்லாம் வாஸ்தவம். ஆனால் எஞ்சின் தயாராக இல்லை. அதை ஓட்டுகிறவனோ அதைவிடத் தயாராக இல்லை.

இந்த எஞ்சின்களில் பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. அது ஏறி இறங்கும் லைனர் பித்தளை. அதன் உட்புறம் குரோமிய முலாம். லைனரின் மேல்பகுதியை வேண்டுமென்றே சற்றுக் குறுக்கியிருப்பார்கள். குளிர்ந்த நிலையில் ஃப்ளைவீலைக் கையால் சுழற்றிப் பாருங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகிப் பிடிக்கும். புதிதாக வாங்கியவன் “ஐயோ, ஜாமாகிவிட்டது!” என்று அலறுவான். ஜாமாகவில்லை ஐயா, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சூடேறினால் பித்தளை அதிகமாக விரியும். அலுமினியப் பிஸ்டன் குறைவாக விரியும். அப்போது இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். அந்தப் பொருத்தம் தொழிற்சாலையில் முடிந்துவிடுவதில்லை. முதல் நாலைந்து டாங்கி எரிபொருள் தீருகிற வரையில் எஞ்சினுக்கு நிறையத் தீனி கொடுத்து, நீலப் புகை தாராளமாகப் போகும்படி, விரட்டாமல் ஓட்ட வேண்டும். சூடேற விட வேண்டும், ஆற விட வேண்டும். மறுபடியும் சூடேற விட வேண்டும். ஆறப்போடும்போது பிஸ்டனைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். உச்சியில் விட்டால் ஆறுகிற லைனர் அதைக் கவ்விக்கொள்ளும்.

இதெல்லாம் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்? பிறந்த குழந்தையைப் பத்தாம் நாள் பந்தயத்தில் ஓடவிடுவதைப் போல, பெட்டியைப் பிரித்த அரை மணியில் முழு வேகத்தில் விடுகிறார்கள். மாலைக்குள் எஞ்சின் டப்பா!

இரண்டாவது பொய் கடையில் சொல்லப்படுவது. இதைப் பொம்மைகளோடு பொம்மையாக அடுக்கிவைத்து, “குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசா சார்? இதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இதன் எரிபொருள் என்ன தெரியுமா? பெரும்பகுதி மெத்தனால். நூற்றுக்கு 20, 30 பங்கு நைட்ரோமீத்தேன். மிச்சம் எண்ணெய். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட சாராயத்தில் கலந்திருந்தது இதே மெத்தனால்தான். சிறிதளவு உள்ளே போனாலும் கண்ணைக் குருடாக்கும். அதற்கு மேல் போனால் ஆளைக் கொல்லும். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். பற்றிக்கொண்டால் பகல் வெயிலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது; கை சுட்ட பிறகுதான் நெருப்பென்றே தெரியும். போதாக்குறைக்கு இந்த எரிபொருளுக்குச் சிவப்போ பச்சையோ சாயம் வேறு சேர்க்கிறார்கள். சர்பத் மாதிரி இருக்கிறது! இதை ஒரு குழந்தையின் அலமாரியில் வைக்கச் சொல்லுகிறவனுக்கு வியாபாரி என்று பெயர் வைப்பது நம்முடைய பெருந்தன்மை.

பையன் ஓட்டட்டும், தாராளமாக ஓட்டட்டும். எரிபொருள் புட்டி பெரியவர் கையில் இருக்க வேண்டும். பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். திறந்த வெளியில்தான் திறக்கப்பட வேண்டும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

இனி எஞ்சினைக் கிளப்புகிற காரியத்துக்கு வருவோம். இங்கே நடக்கிற அட்டூழியங்களைச் சொல்லி முடியாது.

இந்த எஞ்சினில் ஸ்கூட்டரில் இருப்பதைப் போலப் பொறி தட்டுகிற ப்ளக் கிடையாது. இருப்பது க்ளோ ப்ளக். அதன் அடியில் ஒரு சிறு பிளாட்டினக் கம்பிச் சுருள். பிளாட்டினக் கம்பி எரியக்கூடிய வாயுவின் நடுவில், சுடர் இல்லாமலே தானாகக் கனன்றுகொண்டிருக்கும் என்பதை 1817-லேயே ஹம்ப்ரி டேவி கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். நூற்று முப்பது வருஷம் கழித்து, 1947-ல், ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் அந்தத் தத்துவத்தைக் குட்டி எஞ்சின்களுக்கான ப்ளக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவரையில் மாடல் விமானக்காரர்கள் காயிலையும் பேட்டரியையும் சுமந்துகொண்டு திண்டாடினார்கள். இப்போது ஒன்றரை வோல்ட்டுப் பேட்டரியால் கம்பியைச் சூடாக்கிவிட்டால் போதும். எஞ்சின் கிளம்பிய பிறகு பேட்டரியை எடுத்துவிடலாம். வெடிப்பின் சூடும் மெத்தனாலோடு பிளாட்டினம் செய்கிற ரசாயன வேலையும் சேர்ந்து கம்பியைக் கனல விட்டுக்கொண்டே இருக்கும்.

ஆகவே எஞ்சின் கிளம்பவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது எதை? ப்ளக்கைக் கழற்றி, பேட்டரியை மாட்டி, முகத்துக்கு எட்டவே பிடித்துக்கொண்டு, கம்பி நன்றாகச் செம்மஞ்சளாகக் கனலுகிறதா என்று பார்க்க வேண்டும். கனலாவிட்டால் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது ப்ளக் போயிருக்கும். அடுத்தது, டாங்கியிலிருந்து கார்புரேட்டர்வரை குழாயில் எரிபொருள் வந்து நிற்கிறதா? அதற்கு அடுத்தது, டாங்கி மூடி இறுக்கமாக இருக்கிறதா, புகைக்குழாயிலிருந்து டாங்கிக்குக் காற்றழுத்தம் கொண்டுபோகும் சிறு குழாய் கழன்றிருக்கிறதா? இவ்வளவும் பார்க்க இரண்டு நிமிஷம் பிடிக்கும். நம்முடைய நிபுணர்களுக்கு அந்த இரண்டு நிமிஷம் கிடையாது. கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். இழு இழு என்று இழுக்கிறார்கள். எரிபொருள் உள்ளே நிரம்பி, பிஸ்டனுக்கு மேலே தேங்கி, கயிறு அசைய மறுக்கிறது. திரவம் நசுங்காது என்பது எட்டாம் வகுப்புப் பாடம். அப்போதும் இழுக்கிறார்கள்! கயிறு அறுந்தால் அதிர்ஷ்டம்; கனெக்டிங் ராடு வளைந்தால் கஷ்டகாலம். ப்ளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, நாலு முறை மெதுவாக இழுத்தால் உள்ளே தேங்கியதெல்லாம் பீச்சிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு அதே எஞ்சின் இரண்டாவது இழுப்பில் கிளம்புவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கிளம்பிவிட்டது. இப்போதுதான் நமது திருப்புளி வீரர் பிரவேசிக்கிறார்.

கார்புரேட்டரில் திருகுவதற்கு மூன்று இடம் உண்டு. முழு வேகத்தில் எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஹை ஸ்பீடு ஊசி. மெதுவான ஓட்டத்துக்கும், நின்ற நிலையிலிருந்து எகிறுவதற்கும் லோ ஸ்பீடு ஊசி. சும்மா நிற்கும்போது எஞ்சின் அணையாமல் இருக்கக் காற்றுவழியைச் சற்றுத் திறந்து வைப்பது ஐடில் ஸ்குரூ. ஊசியை வலப்புறம் திருகினால் எரிபொருள் குறையும்; அதை ‘லீன்’ என்கிறார்கள். இடப்புறம் திருகினால் எரிபொருள் கூடும், அது ‘ரிச்’. முறை என்னவென்றால், முதலில் எஞ்சின் நன்றாகச் சூடேற வேண்டும், பிறகு ஹை ஸ்பீடு, அதற்கப்புறம் லோ ஸ்பீடு, கடைசியில்தான் ஐடில். ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. நம் பாட்டன்மார் அரைக்கால், மாகாணி என்று கணக்கு வைத்திருந்தார்களே, அந்தக் கணக்கு இங்கே மிகவும் உபயோகப்படுகிறது. மாகாணிச் சுற்றுத் திருகிவிட்டு, பொட்டலில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த மாகாணியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எதைப் பார்த்து யோசிப்பது? எஞ்சின் மூன்று வழியில் பேசுகிறது. புகை ஒன்று, சத்தம் ஒன்று, சூடு ஒன்று. முழு வேகத்தில் போகும்போது பின்னால் மெல்லிய நீலப் புகைக்கோடு தெரிய வேண்டும். புகை மண்டினால், வண்டி இழுக்க முடியாமல் கமறினால், தீனி அதிகம். புகையே இல்லாமல் ஒரு கூர்மையான ஓலம் மட்டும் கேட்டால், தீனி போதவில்லை. மண்டைச் சூட்டைத் தூரத்திலிருந்தே காட்டுகிற வெப்பமானிகள் இப்போது கிடைக்கின்றன. பொதுவாக 105-லிருந்து 125 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் கவலையில்லை. வெப்பமானி இல்லையா? ஒரு சொட்டுத் தண்ணீரை மண்டைமேல் விடுங்கள். மூன்று நான்கு வினாடி கொதித்துப் போனால் சரி. விழுந்தவுடன் ‘சுர்’ரென்று மறைந்தால் உடனே நிறுத்துங்கள். லோ ஸ்பீடைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. எஞ்சின் நின்றபடி ஓடும்போது எரிபொருள் குழாயை விரலால் நசுக்கிப் பிடியுங்கள். இரண்டு மூன்று வினாடி ஓடி, சற்றே வேகமெடுத்து, பிறகு அணைந்தால் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது. நசுக்கியவுடன் செத்தால் லீன். வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தால் ரிச்.

இதில் சூனியமும் இல்லை, மந்திரமும் இல்லை. பொறுமையும் காதும் இருந்தால் ஒரு பதின்மூன்று வயதுப் பையன் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடுவான். ஆனால் பொட்டலில் நடப்பது என்ன? வீரர் வருகிறார், ஊசியை வலப்புறம் அரைச் சுற்று முறுக்குகிறார். எஞ்சின் வீரிடுகிறது. வண்டி அம்பாகப் பறக்கிறது. “பார்த்தீங்களா!” என்கிறார். எல்லோரும் கை தட்டுகிறோம்.

அந்த அலறல் ஆனந்தக் கூத்து அல்ல. அது பசியின் ஓலம்.

ஏன் என்று சொல்லுகிறேன். பெரிய காரில் பெட்ரோல் வேறு, எண்ணெய் வேறு. எண்ணெய்க்குத் தனியாக ஒரு தொட்டி, தனியாக ஒரு பம்ப். இந்தக் குட்டி எஞ்சினுக்கு அதெல்லாம் கிடையாது. எரிபொருளிலேயே எண்ணெய் கலந்து வருகிறது. அந்த எண்ணெயில் ஒரு பங்கு பெரும்பாலும் நம்முடைய விளக்கெண்ணெய்! ஆம்; மந்தமான ஆளைப் பார்த்து ‘விளக்கெண்ணெய்’ என்று திட்டுகிறோமே, அதேதான். உலகத்தில் மிக அதிகமாக ஆமணக்கு விளைவது நம் தேசத்தில்தான். மற்ற எண்ணெய்கள் சூட்டில் கைவிட்டுவிடுகிற இடத்திலும் உலோகத்தை விடாமல் பற்றிக்கொண்டு நிற்கிற குணம் இதற்கு உண்டு. முதல் உலகயுத்தத்தில் சுழல் எஞ்சின் விமானங்கள் பறந்தது விளக்கெண்ணெயால்தான். பொட்டலில் புகை எழும்போது என் மூக்கில் ஏறுவது எங்கள் பாட்டி சனிக்கிழமை காலையில் வலுக்கட்டாயமாக வாயில் ஊற்றிய அந்த வாசனைதான்.

இப்போது கணக்குப் பாருங்கள். எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயும் குறைகிறது. அது மட்டுமா? மெத்தனால் ஆவியாகும்போது எஞ்சினின் உட்புறத்தைக் குளிர்விக்கிறது. அந்தக் குளிர்ச்சியும் குறைகிறது. கலவை மெலிந்தால் அது பற்றிக்கொள்வதும் முந்துகிறது. பிஸ்டன் உச்சியை அடைவதற்கு முன்பே அதன் தலையில் அடி விழுகிறது. எண்ணெய் குறைவு, குளிர்ச்சி குறைவு, சூடு அதிகம், அடி அதிகம், வேகமும் அதிகம்! கூலியைக் குறைத்து, சோற்றைக் குறைத்து, வேலை நேரத்தைக் கூட்டி, “என் பண்ணையில் ஆட்கள் எப்படி ஓடுகிறார்கள் பார்!” என்று பெருமை பேசுகிற முதலாளியை நாம் என்னவென்று சொல்லுவோம்? ஆள் விழுந்த பிறகு “சோம்பேறிப் பயல், இவனை எடுத்துவிட்டு வேறு ஆள் போடு” என்கிறானே, அவனை? ‘எஞ்சின் டப்பா’ என்ற தீர்ப்பும் அந்த முதலாளியின் வாயில் பிறந்ததுதான்.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் வரும்.

“கம்பெனிக்காரனே புத்தகத்தில் இத்தனை சுற்று என்று போட்டிருக்கிறானே, அப்படியே வைத்துவிட்டால் போயிற்று” என்பது ஒன்று. அது எஞ்சினை முதன்முதலாகக் கிளப்புவதற்கான இடம். கிளம்பிய பிறகு அதற்கு அதிகாரம் இல்லை. கலவை என்பது காற்றும் எரிபொருளும் சேர்ந்தது. எரிபொருளை ஊசியால் அளக்கிறோம்; காற்றை யார் அளக்கிறார்கள்? வெயிலில் காற்று மெலிகிறது. மழைக்காலத்து ஈரத்தில் இன்னொரு மாதிரி. மலைமேல் வேறு மாதிரி. புத்தகம் அச்சிட்டவனுக்கு நம் ஊர்க் கத்திரி வெயில் தெரியாது.

“மின்சார டிரக் வந்துவிட்ட காலத்தில் இந்தத் தொல்லை எதற்கு?” என்பது இரண்டாவது. நியாயமான கேள்வி. லிதியம் பேட்டரியும் பிரஷ் இல்லாத மோட்டாரும் வந்த பிறகு, மின்சார வண்டி வேகத்தில் முந்திவிட்டது. விஷம் இல்லை, புகை இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைவலி இல்லை. ஒரு குழந்தைக்கு என்ன வாங்கித் தருவது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் அதைத்தான் சொல்லுவேன். வீட்டுக்கு நடுவில் நைட்ரோ எஞ்சினை அலற விடுகிறவர்களின்மேல் போலீஸில் புகார் செய்தாலும் நான் புகார் செய்தவர் கட்சிதான். ஆனால் ‘தொல்லை’ என்கிறீர்களே, அந்த வார்த்தையைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒன்றின் பேச்சைக் கேட்டு, அதற்கு எது தேவை என்று கண்டுபிடித்து, அதைக் கொடுப்பது தொல்லை என்றால், பிள்ளை வளர்ப்பதும் தொல்லை, பயிர் வளர்ப்பதும் தொல்லை.

“பழுதான எஞ்சினே கிடையாதா?” என்பது மூன்றாவது. உண்டு. பேரிங் தேய்ந்ததும் உண்டு. வார்ப்பில் ஓட்டை விழுந்ததும் உண்டு. ஆனால் அதை எல்லாவற்றையும் பார்த்த பிறகு கடைசியில் சொல்ல வேண்டும். முதலிலேயே சொல்லக் கூடாது.

இனி நான் கூண்டில் ஏறுகிறேன்.

என் தங்கையின் பேரன் பதின்மூன்று வயதுப் பையன். இரண்டு வருஷத்துப் பொங்கல் காசையும் பிறந்தநாள் காசையும் சேர்த்து, மிச்சத்தை நான் போட்டு, ஒரு நைட்ரோ டிரக் வாங்கினான். முதல் ஐந்து டாங்கியும் புத்தகத்தில் போட்டபடியே, ஒரு நோட்டில் எழுதி எழுதி, ஓட்டினான். எஞ்சின் தங்கமாக அமைந்தது. கோடை விடுமுறைக்கு ஊட்டிக்குப் போனபோது வண்டியையும் எடுத்துக்கொண்டு போனோம். அங்கே, கோவையில் கச்சிதமாக ஓடிய வண்டி கமறிற்று, ஒரே புகை. ‘குளிர்ந்த காற்று அடர்த்தியானது, ஆகவே எரிபொருளைக் கூட்ட வேண்டும்’ என்று எங்கோ படித்திருந்தேன். ஊசியை இன்னும் திறந்தேன். வண்டி நகரவே மறுத்தது. அப்புறம்தான் மூளையில் பட்டது: ஊட்டி கடல் மட்டத்துக்கு மேலே 2,240 மீட்டர், கோவை 400 மீட்டர் சொச்சம். குளிர் கூட்டுகிற அடர்த்தியைவிட உயரம் குறைக்கிற அடர்த்தி அதிகம். காற்று குறைவு, ஆகவே தீனியும் குறைவாகத்தான் வேண்டும். ஊசியை மாகாணி மாகாணியாக மூடிக்கொண்டே வந்தேன். வண்டி சிட்டாகப் பறந்தது. பையன் என்னை ஐன்ஸ்டீனைப் பார்ப்பதைப் போலப் பார்த்தான். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது.

கோவைக்குத் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். ஊசியைத் தொடவில்லை, மலைமேல் வைத்த இடத்திலேயே அது இருந்தது. பொட்டலில் வண்டியை விட்டோம். அப்படி ஒரு வேகத்தை அந்தப் பொட்டல் பார்த்ததில்லை! எஞ்சின் வானத்தைக் கிழிப்பதைப் போல ஓலமிட்டது. எல்லோரும் தங்கள் வண்டிகளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். “யாருங்க ட்யூன் பண்ணினது?” என்று பல் வைத்தியர் கேட்டார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

பையன் மட்டும் சிரிக்கவில்லை.

“தாத்தா, பொகையே வரலீங்களே?” என்றான்.

“வராது கண்ணு. அதுதான் கச்சிதமான ட்யூன்” என்றேன்.

“நிறுத்திப் பாக்கலாமுங்களா?”

“நீ ஓட்டு. எனக்குத் தெரியும்.”

மூன்றாவது சுற்றில் ஓலம் பாதியில் அறுந்தது. வண்டி உருண்டுபோய் நின்றது. மண்டைமேல் நான் விட்ட தண்ணீர் விழுவதற்கு முன்பே மறைந்ததைப் போல இருந்தது. ஆறிய பிறகு ஃப்ளைவீலைச் சுழற்றினேன்; அது எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுழன்றது. உச்சியில் இறுகிப் பிடிக்குமே, அந்தப் பிடி போய்விட்டது. உள்ளே உயிர் இல்லை. அப்போது பத்துப் பேர் நடுவில், அந்தப் பையனிடம் நான் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா?

“எஞ்சின் டப்பா கண்ணு. விற்றவன் ஏமாற்றிவிட்டான்.”

அவன் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். ஒரு மாதம் அந்தப் பெட்டி திறக்கவில்லை. நோட்டையும் எங்கோ போட்டுவிட்டான்.

பிறகு ஒரு நாள், வேறு வேலையாக, பம்புசெட் பழுது பார்க்கிற ஒரு லேத் பட்டறைக்குப் போனபோது அந்த எஞ்சினையும் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் அந்த மாதிரி எஞ்சினைப் பார்த்ததே இல்லை. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, இதுக்கு ஆயில் எங்க ஊத்துவீங்க?” என்று கேட்டார். அதுதான் அவருடைய முதல் கேள்வி.

“தனியாக இல்லை, எரிபொருளிலேயே கலந்து வருகிறது.”

“பழைய ஸ்கூட்டராட்டமுங்களா? அப்ப எரிபொருளைக் கொறச்சா ஆயிலும் கொறையுமுங்களே!”

எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டனில் நெடுகக் கீறல்கள். கனெக்டிங் ராடின் அடித்துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. “எண்ணெ இல்லாமச் செத்திருக்குதுங்க, பாவம்” என்றார். அவ்வளவுதான். என் படிப்பும், ஊட்டியில் நான் செய்த ஆராய்ச்சியும், அவருடைய ஒரு கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை.

அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போனேன். இறங்கிவந்த பிறகு ஊசியைத் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்பதை அவனிடம் சொன்னேன். ‘டப்பா’ என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அறுபது வருஷங்களில் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்த இரண்டு வாக்கியங்களைப் போல எதுவும் தொண்டையில் சிக்கியதில்லை. அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “நான் சொன்னனில்லீங்க தாத்தா, பொகை வரலைன்னு” என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. அழிந்தது எஞ்சின் என்பதற்காக அல்ல. சரியாகக் கேட்ட தன்னுடைய காதைத் தானே சந்தேகித்து ஒரு மாதம் கழித்துவிட்டானே, அதற்காக.

என் குற்றத்தின் முழு அளவு அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிஸ்டனும் லைனரும் பணம் கொடுத்தால் கிடைக்கும். எஞ்சின் சொன்னதை அங்கே சரியாகக் கேட்ட ஒரே ஆளின் வாயை ‘எனக்குத் தெரியும்’ என்று நான் அடைத்தேனே, அதற்கு மாற்று உதிரிபாகம் எந்தக் கடையிலும் விற்பதில்லை. நம் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் ஆபீஸுகளிலும் நாள்தோறும் நடப்பது இதுதான். கீழே இருப்பவன் ‘புகை வரவில்லை’ என்கிறான். மேலே இருப்பவன் ‘ஓட்டு’ என்கிறான். கவிழ்ந்த பிறகு இருவரும் சேர்ந்து எஞ்சினைத் திட்டுகிறார்கள்.

புதிய பிஸ்டனும் லைனரும் கனெக்டிங் ராடும் போட்டு அந்த எஞ்சின் இப்போது ஓடுகிறது. மறுபடியும் ஐந்து டாங்கி, மறுபடியும் நோட்டு. ஓட்டம் முடிந்ததும் டாங்கியைக் காலி செய்து, குழாயில் மிஞ்சியதையும் எரித்துத் தீர்த்து, ப்ளக் துளையில் சில சொட்டு எண்ணெய் விட்டுச் சுழற்றி வைக்கிறான். மெத்தனால் ஈரத்தை இழுக்கும். நைட்ரோமீத்தேன் எரிந்த மிச்சம் அமிலமாகும். இரண்டும் சேர்ந்தால் பேரிங் துருப்பிடிக்கும். இதை அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தமும் ஆகியிருக்கிறது. எரிபொருள் புட்டி என்னிடம், திருப்புளி அவனிடம்.

பொட்டலுக்கு வருகிற நண்பர்களே, உங்களுக்கும் அதைத்தான் சொல்லுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாருடைய வண்டியாவது நின்றுபோனால் ஓடிவாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. திருப்புளியைப் பையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ப்ளக் கனலுகிறதா என்று பாருங்கள். குழாய் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். புகை எப்படி இருந்தது என்று வண்டிக்குச் சொந்தக்காரனைக் கேளுங்கள். அவன் உங்கள் இடுப்புயரம் இருந்தாலும் கேளுங்கள். அவன் சொல்லி முடித்த பிறகு, ஊசியைத் திருகத்தான் வேண்டும் என்று ஏற்பட்டால், மாகாணிச் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால், இடப்பக்கம் திருகுங்கள். கொஞ்சம் அதிகமாகத் தின்று செத்த எஞ்சினை நான் இதுவரையில் பார்த்ததில்லை.